பெட்டிக்குள் சாமியார்

பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில், ஜன்னலோரத் திட்டின் மேல் அந்தப் பெட்டி வாயைப் பிளந்தபோது, அதற்குக் காரணமானவன் நாலு தெரு தள்ளித் தன் வேலையிடத்தில் ஒரு ஜோக்கின் கடைசி வரியை நெருங்கிக்கொண்டிருந்தான். ஜோக் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் சிரிப்பதற்கு வாகாக வாயைக்கூட வைத்துக்கொண்டாயிற்று. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"உங்க பெட்டி வெடிச்சிருச்சு" என்றார் தலைமையாசிரியை.

"வெடிச்சிருச்சா, வாயத் திறந்துச்சா மேடம்?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"வெடிச்சா தீயணைப்பு வண்டி வரணும். வாயத் திறந்தா நான் வந்தா போதும்."

மறுமுனையில் யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அவனுக்கு ஞாபகம் வந்தது.

"அவளுக்கு ஒண்ணும் ஆகலயே?"

"அவங்க க்ளாஸ்ல இருந்தாங்க. பெட்டி மட்டும்தான் இங்க சார்ஜ்ல கிடந்துச்சு. நீங்க சீக்கிரம் வாங்க."

வரிசை மாறிப்போன அந்த இரண்டு கேள்விகளும் வழி நெடுக அவன் கூடவே நடந்து வந்தன.

அவன் மனைவி நாலாம் வகுப்பு டீச்சர். குரல்தான் அவளுடைய கைமுதல். அது ஒரு வருடமாகத் தேய்ந்துகொண்டே வந்தது. முதலில் கரகரத்தது. பிறகு நடுநடுவே அறுந்தது. கடைசியில், வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது ஏழாம் வரிக்கு மேல் வெறும் காற்றுதான் வந்தது. வகுப்பில் பிள்ளைகள் எட்டாம் வரியைத் தங்கள் இஷ்டத்துக்குப் பெருக்கிக்கொண்டார்கள்.

அதற்காக அவன் செய்துகொடுத்ததுதான் அந்தப் பெட்டி. காதில் மாட்டும் ஒரு மைக். இடுப்பு பெல்ட்டில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு ஒலிபெருக்கி. அதன் வயிற்றுக்குள் ஒரு லித்தியம் பேட்டரி. கடையில் வாங்கியிருக்கலாம். ஆனால் அவன் பிழைப்பே சார்ஜர் போர்டு போடுவது. கைவிளக்கு, பொம்மைக் கார், முடிவெட்டும் மெஷின் என்று எதற்குள் பேட்டரி இருக்கிறதோ, அதற்குப் பத்திரமாகக் கரண்டு ஊட்டும் சின்னப் பலகையை வடிவமைத்துக் கொடுப்பவன். அப்படிப்பட்டவன் பெண்டாட்டிக்குக் கடையில் வாங்கிக்கொடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்று நினைத்தான். ஊர் இப்போது என்ன சொல்லப்போகிறது என்பது வேறு விஷயம்.

குரல் போன காரணத்தைத் தெரிந்துகொள்ள அவள் தன் தங்கையோடு போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. அன்றைக்கு அவன் வாசலிலேயே கேட்டான், டாக்டர் என்ன சொன்னார் என்று.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணு மட்டும்தான் இல்லயா? மத்ததெல்லாம் இருக்கா?"

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதிலிருந்து அவனும் விதவிதமாகக் கேட்டுப்பார்த்துவிட்டான். சாப்பிடும்போது கேட்டான், துணி மடிக்கும்போது கேட்டான், டாக்டர் மாதிரிக் குரலை மாற்றி "நாக்கை நீட்டுங்கம்மா" என்று சொல்லியும் கேட்டான். எல்லாவற்றுக்கும் அதே ஒண்ணுமில்ல. அவளுடைய குரல் திரும்புமா, திரும்பாதா? இது ஒன்றுதான் அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. வீட்டில் மற்றபடி அவனுக்குத் தெரியாத விஷயங்கள் நிறைய உண்டு. அவையெல்லாம் தெரியாமலேயே காலம் ஓடிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூட வாசலில் நுழைந்ததும் அவன் கண்ணில் பட்டது விளையாட்டு வாத்தியார்தான். நீளம் தாண்டும் மணல்குழியின் ஓரத்தில், வாயில் விசிலோடு, கால்களை அகட்டிக் காவல் நின்றுகொண்டிருந்தார். குழியின் நடுவே, குப்பை அள்ளும் முறத்தின் மேல், பெட்டி. மூடி எகிறியிருந்தது. உள்ளே வெள்ளிநிற உறைக்குள் இருந்த பேட்டரி, தலையணை மாதிரி உப்பியிருந்தது.

"கிட்ட போகாதீங்க சார்!" வாத்தியார் விசிலை எடுத்துவிட்டுச் சொன்னார்.

"நான்தான் சார் இத செஞ்சவன்."

"அப்ப நீங்க இன்னும் தள்ளி நில்லுங்க."

ஆனாலும் விட்டார். அவன் மண்டியிட்டு, பேட்டரியை அழுத்தாமல் கொள்ளாமல், ஒரு கம்பியை வெட்டி அதன் முனையில் டேப் சுற்றி, பிறகுதான் அடுத்த கம்பியைத் தொட்டான். இரண்டையும் ஒரே வெட்டில் வெட்டினால் கத்தரியே இரண்டு கம்பிகளுக்கும் பாலம் போட்டுவிடும். போர்டையும் பெட்டிக் கூட்டையும் தனியே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். உப்பியது குழியிலேயே கிடந்தது. வாத்தியார் அதன் மேல் இன்னும் இரண்டு கை மணலைத் தூவினார், மரியாதையாக.

"அஞ்சாம் பீரியட் லாங் ஜம்ப் இருந்துச்சு" என்றார். "பசங்க இப்ப அதையும் சேத்துத் தாண்டறோம்னு நிக்கறானுங்க."

தலைமையாசிரியையின் அறைக்குப் போகும் தாழ்வாரம் நாலாம் வகுப்பைத் தாண்டித்தான் போகிறது. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவள் பெட்டி இல்லாமலே பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் நின்றான். ஒரு வரி கேட்டது. அடுத்த வரியில் பாதி கேட்டது. மீதிக்குக் கரும்பலகையைத் தட்டும் சத்தம் மட்டும் வந்தது. உள்ளே எட்டிப்பார்த்துக் கையாட்டலாமா என்று யோசித்தவன், ஆட்டாமல் நடந்தான்.

"பிள்ளைங்க இருக்கற இடம்" என்று ஆரம்பித்தார் தலைமையாசிரியை. நாற்காலியில் அவனை உட்காரச் சொல்லவில்லை. பின்னாலேயே வந்த விளையாட்டு வாத்தியார் கதவோரமாக நின்றுகொண்டார். "இந்த மாதிரிப் பொருள எப்படி சார் நம்பிச் சார்ஜ் போடறது?"

"நம்பலாம் மேடம். அதுக்குத்தான் உள்ள ஒரு சிப் இருக்கு. என் விரல்நகத்துல பாதிதான் இருக்கும். ஆனா விவரம்னா அப்படி ஒரு விவரம்." தொழில் பேச்சு வந்ததும் அவனுக்கு நாக்கு புரள ஆரம்பித்தது. "பேட்டரி பட்டினியில சுருண்டு கிடக்குன்னு வைங்க. நம்மாளா இருந்தா அள்ளிப் போட்டுருவோம். சிப் போடாது. கரண்டி கரண்டியா ஊட்டும். தெம்பு வந்து எழுந்து உக்காந்த பிறகுதான் அளவு மாறாம ஒரே சீரா பரிமாறும். நாலு புள்ளி ரெண்டு வோல்ட்டுக்கு வந்ததும் கைய இறுக்கிப் புடிச்சுக்கும். அதுக்கு மேல வோல்ட் ஏறவே விடாது. பேட்டரியே கொஞ்சம் கொஞ்சமா வாங்கறதக் குறைக்கும். சாப்பாடு பத்துல ஒரு பங்காகிப் போச்சுன்னா, எழுந்திருன்னு தட்ட எடுத்துரும்."

"நல்ல சிப்பா இருக்கே" என்றார் விளையாட்டு வாத்தியார்.

"கடிகாரம் வேற வெச்சிருக்கு சார். சொன்ன நேரத்துக்குள்ள வயிறு நிரம்பலன்னா, எங்கயோ கோளாறுன்னு பரிமாறறத நிறுத்திடும். தனக்கே உடம்பு சுட்டுச்சுன்னா வேகத்தக் குறைச்சுக்கும். பேட்டரிக்கு ஜுரம்னாலும் நிறுத்திடும், ஐஸ் மாதிரி ஜில்லுனு இருந்தாலும் நிறுத்திடும். நிறுத்திட்டுச் சிவப்பு லைட்டச் சிமிட்டிக்கிட்டே நிக்கும். உடம்பு சரியானதும் தானா மறுபடி ஆரம்பிக்கும்."

"ஜுரம்னா அதுக்கு எப்படித் தெரியும்?"

"பேட்டரி முதுகுல ஒரு வெப்பத்தடை ஒட்டியிருக்கும் சார். சூடு ஏற ஏற அதோட மின்தடை இறங்கும். அத வெச்சுத்தான் சிப்பு நாடி பாக்கும். நாப்பத்தஞ்சு டிகிரி தாண்டினா, போதும்னு கைய எடுத்துரும்."

வாத்தியார் தலையைச் சொறிந்தார். "இவ்வளவு விவரமான சிப்ப வெச்சுக்கிட்டு ஏன் சார் ஊதுச்சு?"

எதற்கும் தயாராக ஒரு ஜோக் வைத்திருப்பவனுக்கு இதற்கு ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் சொன்னான்:

"நான் உள்ள ஒரு சாமியார வெச்சுட்டேன்."

அது அவன் வேலையிடத்துப் பேச்சு. போர்டுகளைச் சோதிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் பேட்டரியின் முதுகில் வெப்பத்தடையை ஒட்டிக்கொண்டிருக்க முடியாது. அதனால் அந்த இடத்தில் சாதாரண மின்தடை ஒன்றைப் பற்றவைத்துவிடுவார்கள். அது வெயிலில் வைத்தாலும் மாறாது, பனியில் வைத்தாலும் மாறாது. சிப் எப்போது கேட்டாலும் "இருபத்தைந்து டிகிரி, சுகமாக இருக்கிறேன்" என்று ஒரே பதில் சொல்லும். சுகதுக்கம் எதுவும் அண்டாததால் அதற்குச் சாமியார் என்று பெயர். பெயர் வைத்தவனும் அவன்தான். அதில் அவனுக்கு ஒரு பெருமையும் உண்டு. சாமியார் உட்கார்ந்த போர்டின் நெற்றியில் மஞ்சள் டேப் ஒட்ட வேண்டும், டேப் ஒட்டிய போர்டு கட்டடத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது அங்கே சட்டம்.

பெட்டி செய்துகொடுத்த கொஞ்ச நாளிலேயே அவள் சொன்னாள், மத்தியானம் சார்ஜ் ஏற மாட்டேன் என்கிறது, சிவப்பு லைட் கண்ணடிக்கிறது என்று. "என் டீச்சரப் பாத்தா? அந்த லைட்ட நான் கவனிச்சுக்கறேன்" என்றான். ஆசிரியர் அறையில் இருப்பது ஒரே ஒரு பிளக். அது ஜன்னலோரத்தில். மத்தியானம் கண்ணாடி வழியாக வெயில் நேரே அந்தத் திட்டில் இறங்கும். சிப் தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. ஒரு நீள வயர் வாங்கிக்கொடுத்து நிழலில் வைக்கச் சொல்லியிருந்தால் விஷயம் முடிந்தது. ஆனால் கடைக்குப் போக வேண்டும். அவள் குறைசொல்வது நின்றால் போதுமென்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் வைத்தே வெப்பத்தடையைப் பிடுங்கிவிட்டுச் சாமியாரை உட்காரவைத்தான். வீட்டில் மஞ்சள் டேப் ஏது? லைட் சிமிட்டுவது நின்றது. அவளும் சந்தோஷப்பட்டாள். பேட்டரி தினமும் வெயிலில் வெந்துகொண்டே, சுகமாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டே, உள்ளுக்குள் வாயு சேர்த்துக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் சுருக்கமாகச் சொல்லி முடித்தான். தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப சிப் மேல தப்பில்ல."

"இல்ல மேடம். தப்பு உங்க எதிர்ல நிக்குது."

"உக்காருங்க" என்றார் அவர், முதல் தடவையாக. "பெட்டிய விடுங்க. அது இல்லாம இப்பவும் கத்திக்கிட்டிருக்காங்க பாருங்க. போய் ரெஸ்ட் எடுங்கன்னேன், கேக்கல. நீங்களாவது வீட்ல எடுத்துச் சொல்லுங்க. டாக்டர் அவ்வளவு சொல்லியும்..." அங்கே நிறுத்தினார்.

"அவ்வளவுன்னா?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமே" என்று பொய் சொன்னான். அது பொய் என்று கதவோரம் நின்ற விளையாட்டு வாத்தியாருக்குக்கூடத் தெரிந்துவிட்டது. அவர் விசிலைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அவங்களையே கேளுங்க சார்" என்றார் தலைமையாசிரியை.

வாசலுக்கு வந்ததும் மச்சினிச்சிக்குப் போன் போட்டான்.

"சொல்லுங்க அத்தான்."

"அக்காவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனியே, என்ன சொன்னாரு?"

"எந்த டாக்டரு அத்தான்?"

"மாட்டு டாக்டரு. அடியே, தொண்டைக்குப் பாத்தீங்களே, அவருதான்."

"அக்கா என்ன சொன்னா?"

"ஒண்ணுமில்லன்னா."

"அப்ப ஒண்ணுமில்லதான் அத்தான். அக்கா பொய் சொல்லுவாளா அத்தான்?"

"நீ பொய் சொல்லும்போது மட்டும் ஒரு வாக்கியத்துக்கு ஒரு அத்தான் போடற."

"சத்தியம் வாங்கிட்டா அத்தான்" என்றாள் மெதுவாக. "நான் சொல்லிட்டா அவ என்கூடப் பேச மாட்டா. இருக்கற கொஞ்சக் குரல்ல என்னைத் திட்ட வேற செய்வா. நீங்களே கேளுங்களேன். ஒழுங்கா கேளுங்க."

ஒழுங்காக என்றால் எப்படி என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

வேலையிடத்துக்குத் திரும்பியபோது சோதனை அறையில் இருந்த அம்மாள் பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே ஒரு போர்டைக் குடைந்துகொண்டிருந்தாள். அவனுக்கும் அவளுக்கும் ஒரே வருடத்தில் வேலை கிடைத்தது. அன்றிலிருந்து அவன் ஜோக்குக்குச் சிரிக்காத ஒரே ஆள் அவள்தான். அவன் பையிலிருந்து போர்டை எடுத்து நீட்டினான். ஒரு பார்வை பார்த்தாள்.

"சாமியார வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?"

"ஆமா."

"டேப்பு?"

"இல்ல."

"சம்சாரம் பத்திரமா?"

"பத்திரம்." இந்தக் கேள்வி அவளுக்கு மூன்றாவதாக வந்தது என்பதில் அவனுக்கு ஓர் அற்ப சமாதானம்.

அவள் பற்றவைக்கும் சூட்டுக்கோலால் தொட்டு, இடுக்கியால் சாமியாரைத் தூக்கி அவன் உள்ளங்கையில் போட்டாள். கடுகளவு இருந்தார். "தொலச்சிடாதீங்க, ஞாபகார்த்தமா வெச்சுக்குங்க" என்றாள். அவன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, புதுப் பேட்டரி எடுத்து, அதன் முதுகில் நிஜமான வெப்பத்தடையை ஒட்டி, போர்டைச் சேர்த்து மூடினான். முடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டிப்பார்த்தான். சிவப்பு லைட் சிமிட்டியது. விசிறிக்குக் கீழே வைத்தான். கொஞ்ச நேரத்தில் சிமிட்டல் நின்று, சார்ஜ் ஏற ஆரம்பித்தது. போகும் வழியில் ஒரு நீள வயரும் வாங்கினான்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது அவன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். எதிரே பெட்டி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது, பக்கத்தில் சுருட்டி வைத்த புது வயர். அவள் வெந்நீர் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஸ்கூல் முழுக்க உங்க சாமியார் பேச்சுதான்" என்றாள். குரல் ஒரு சொல்லில் இருந்தது, அடுத்ததில் இல்லை. "என் க்ளாஸ் பசங்க மணல்குழிக்கு சமாதின்னு பேர் வெச்சுட்டாங்க."

"நல்ல பேரு. நான் வெச்சதவிட நல்லா இருக்கு."

"ஏங்க, அது என் இடுப்புல இருக்கும்போது வாயத் திறந்திருந்தா?"

அதற்கு ஒரு பதில் அவன் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, இடுப்பைப் பற்றியது. விழுங்கினான். "தப்பு என்னுது" என்றான். "சரி பண்ணிட்டேன். இனிமே சூடானா சிமிட்டும். சிமிட்டினா இந்த வயரப் போட்டு நிழலுக்கு நகத்திடு. அவ்வளவுதான்."

அவள் தலையாட்டினாள். வெந்நீரை ஊதினாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல."

அவன் வாயைத் திறந்தான். அவள் டம்ளரை மேசைமேல் வைத்தாள்.

"சொல்லுங்க. அந்த ஜோக்கு நாக்குல வந்து நிக்குதுல்ல, துப்பிடுங்க. கேட்டுட்டு எழுந்து போறேன்."

"ஜோக்கு இல்ல..."

"எப்ப இல்லாம இருந்துச்சு? எங்கப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப வாசல்ல நின்னு எல்லாரையும் சிரிக்க வெச்சுக்கிட்டிருந்தீங்க. எங்கம்மாகூட சிரிச்சாங்க. நான் அழலாம்னு உங்ககிட்ட வந்தேன், எங்கிட்டயும் ஒண்ணு சொன்னீங்க. உங்ககிட்ட எதக் கொண்டு வந்து வெச்சாலும் இருபத்தஞ்சு டிகிரி." அவள் இருமினாள். இருமிவிட்டுத் தொடர்ந்தாள். "சாமியாரப் பெட்டிக்குள்ளயா வெச்சீங்க? எனக்கு எதிர்ல உக்காந்திருக்காரு."

அவன் சட்டைப் பைக்குள் கை தானாகப் போனது. கடுகளவு ஏதோ விரலில் தட்டுப்பட்டது. அன்று ஆஸ்பத்திரி வாசலில் சொன்ன ஜோக் என்னவென்று யோசித்துப்பார்த்தான். ஞாபகத்துக்கு வரவில்லை. மற்றவர்கள் சிரித்தது ஞாபகம் இருந்தது. அவள் சிரித்தாளா என்று அன்றைக்கு அவன் பார்க்கவே இல்லை.

"இன்னைக்கு உன் க்ளாஸ் வாசல்ல நின்னேன்" என்றான். "ஒரு வரி கேட்டுச்சு. அடுத்தது கேக்கல. எனக்குப் பயமா இருக்கு."

அவள் அவனையே பார்த்தாள், இதற்குப் பின்னால் ஏதாவது வருகிறதா என்று. அவன் கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டான். வரவில்லை. பெட்டியில் லைட் சிமிட்டாமல் எரிந்துகொண்டிருந்தது.

"என்னன்னு சொல்லு" என்றான்.

அவள் பெட்டியின் வயரைப் பிடுங்கி, மைக்கையும் சேர்த்துச் சுற்றி ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"குரல் நாண்ல முடிச்சு விழுந்திருக்கு. ரெண்டு பக்கமும்" என்றாள். "பேசாம இருந்தா கரையலாம்னாரு. பேசிக்கிட்டே இருந்தா ஆபரேஷன். பண்ணினாலும் பழைய குரல் வராதாம். க்ளாஸ் எடுக்கறத இந்த வருஷமே விடணும்னு சொல்லிட்டாரு. உங்க பெட்டி இருக்கே, பரிட்சை வரைக்கும் ஓட்டிடலாம்னு நான்தான் விடல. விட்டுட்டா நான் யாருன்னு எனக்குத் தெரியலங்க." கொஞ்சம் வெந்நீர் குடித்தாள். "ஆனா விடத்தான் வேணும். முதல்ல ரெண்டு மாசம் வாயத் திறக்கவே கூடாதுன்னாரு. இப்ப உங்ககிட்ட பேசறதையும் சேத்துதான்."